ஆறாவது கிடார்

திருக்கோகர்ணம்,
19.1.2025

அண்ணன் அவர்களுக்கு, சுந்தரேசன் எழுதுவது.

போனில் பேசினால் நீ சத்தம் போடுகிறாய், எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டீர்கள். நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர், எல்லாமே கைவசம் காகிதமாக இருக்க வேண்டும் உங்களுக்கு. சரி, எழுதுகிறேன்.

முத்துக்குமார் வாட்ஸப்பில் ஒரு படம் போட்டிருந்தான். அபிராமிதான் காட்டினாள். சுவரில் வரிசையாக ஐந்து கிடார். ஆறாவது எங்கே கிடைக்கும் என்று கீழே கேட்டிருக்கிறான். ஒருத்தனுக்கு இருப்பது இரண்டு கை. ஐந்தை வைத்துக்கொண்டு ஆறாவதற்குக் கடைகடையாய் அலைகிறவனுக்கு நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்களாம். உங்கள் வயது அறுபத்தாறு.

உங்களுக்கு வாரிசு இல்லை என்று கேட்டீர்கள். என் இரண்டு பிள்ளைகளில் சின்னவன் முத்துக்குமாரை உங்களுக்குத் தத்தாகப் பிள்ளை கூட்டிவிட்டேன். அண்ணி மஞ்சள் நீர் குடித்து, பங்காளிகள் கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்கள் கடையைப் பார்த்துக்கொள்வான் என்றுதான் கொடுத்தேன். கம்பியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா கொடுத்தேன்? செல்லம் கொடுத்துக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று. வைகாசி 25, ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாந்தி. அறுபது முடிகிறது. நம் ஊர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். முத்துக்குமாரை நான்கு நாள் முன்னதாக அனுப்பி வையுங்கள்.

தம்பி,
சுந்தரேசன்


சென்னை,
27.1.2025

சுந்தரேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐந்து இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன, சுவர் என்னுடையது.

நேற்றும் ஒரு கடைக்குப் போனோம். மூன்று மணி நேரம். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, டீயும் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துத் திருப்பி மாட்டினான். கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. 'என்னப்பா, ஒங்களுக்குக் கால் வலிக்குமே' என்றான். எனக்கு ஒரு வலியும் இல்லை. ஆணியும் கீலும் விற்ற இத்தனை வருஷத்தில் யாரும் என் காலைப் பற்றிக் கேட்டதில்லை.

கடைக்குக் காலை பத்து மணிக்கு வந்து ஸ்டாக் பார்க்கிறான். நீ பயப்பட வேண்டியதில்லை. அதைவிட, நீ கேட்க வேண்டியதே இல்லை. அவன் இப்போது என் வீட்டுப் பிள்ளை. வேறு வீட்டுப் பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை.

சாந்திக்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம். அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, அண்ணன் மகன். முதல் நாள் சாயங்காலம் வந்து மறுநாள் சாப்பிட்டுக் கிளம்புவோம். நான்கு நாள் முன்னதாக அனுப்புவதெல்லாம் நடக்காது.

சொக்கநாதன்


திருக்கோகர்ணம்,
16.2.2025

அண்ணன் அவர்களுக்கு,

மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். உடையப்பன் வரவில்லை. கனடாவில் லீவு கிடைக்காதாம். 'லிங்க் அனுப்புங்கப்பா, ஆன்லைன்ல பாத்துக்கிறேன்' என்றான். மூத்த பிள்ளை. கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது என்று அபிராமி சொன்னதற்கு, 'வேலைம்மா' என்று வைத்துவிட்டான்.

சாந்தியில் எங்கள் தலையில் கலசத் தண்ணீர் ஊற்ற ஒரு பிள்ளை வேண்டும். வந்த கூட்டமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பிள்ளை பெற்றவன் தலையில் யாரோ ஒரு பங்காளி தண்ணீர் ஊற்றினால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன்?

கலசம் ஊற்றுகிற அந்த ஒரு மணி நேரம் முத்துக்குமார் என் பிள்ளையாக நிற்கட்டும். பிள்ளைக்குப் போடுகிற மாலை அவனுக்கு விழட்டும். பிறகு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் நேராகச் சொல்லலாம் என்றால் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. அபிராமி கூப்பிட்டால் எடுக்கிறான், 'சாப்ட்டேன், நல்லாருக்கேன்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறான்.

கிடாரைப் பற்றி எழுதியது தப்பு என்றால் தப்புதான். ஆறாவதும் வாங்கிக் கொடுங்கள்.

சுந்தரேசன்


சென்னை,
2.3.2025

சுந்தரேசனுக்கு,

முடியாது. அவன் அண்ணன் மகனாக வருவான், பங்காளி வரிசையில் உட்காருவான்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பிள்ளை கேட்டு உன் வீட்டுக்கு வந்த அன்று நான் எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. நீயாகத்தான் சொன்னாய். 'பெரியவன் படிப்பாளி, அவன் எனக்கு வேணும். சின்னவனக் கூட்டிக்கங்க. அது இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்' என்றாய். சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கி ஒதுக்குகிற மாதிரி சொன்னாய். சின்னவன் பக்கத்து அறையில் கிடாரைத் தட்டிக்கொண்டிருந்தான். நீ சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. உன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை, என் காதில் விழுந்தது.

அதற்கு முன்னால் அவன் காலேஜ் பரீட்சைக்குப் போன நேரம் பார்த்து ஒரு கிடாரைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டவன் நீ. வந்து தேடியவனிடம் 'எடைக்குப் போட்டாச்சு' என்றாயாம். அவன் உன் அண்ணி தெய்வானையிடம் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

நல்லதென்று நீ வைத்துக்கொண்டது லிங்க் கேட்கிறது. வேண்டாமென்று தள்ளியதை இப்போது ஒரு மணி நேரத்துக்குக் கேட்கிறாய். வாடகைப் பாத்திரமா அவன்?

அடுத்த வாரம் பெங்களூர் போகிறோம். அவனுக்கு வேண்டிய கிடார் இங்கே கிடைக்கவில்லை. அது எப்படிப்பட்ட கிடார் என்று உனக்குச் சொன்னாலும் புரியாது.

சொக்கநாதன்


திருக்கோகர்ணம்,
30.3.2025

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் சொல்லப் போவதில்லை. கோபத்தில் சொன்ன வார்த்தையை எல்லாம் பொறுக்கி வைத்திருந்து திருப்பித் தந்தால் எந்தத் தகப்பனும் தேறமாட்டான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் அப்பா சொன்னதை நீங்களும்தான் கேட்டு வளர்ந்தீர்கள்.

நானும் கிடார் வாங்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். என் ஸ்டேஷனரி கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுத்தான் போனேன். முதலில் இங்கேயே கீழ ராஜ வீதியில் பார்த்தேன், பிடிக்கவில்லை. பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். 'யாருக்கு சார், புதுசா கத்துக்கிறாரா?' என்று கடைக்காரர் கேட்டார். 'எம் பிள்ளைக்கு. அஞ்சு வச்சிருக்கான்' என்றேன். 'அஞ்சு இருக்கா? அப்ப எதுக்கு சார் ஆறாவது?' என்று அவரே கேட்கிறார், விற்கிறவர். 'அந்த அஞ்சுல ஒன்னுகூட அவன் அப்பன் வாங்கிக் கொடுத்ததில்ல' என்றேன். பிறகு அவரே எழுந்து வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. சிவப்பில் ஒன்று இருந்தது. சின்ன வயதில் அவனுக்குச் சிவப்புச் சைக்கிள் என்றால் ஆசை, அதனால் அதை எடுத்தேன்.

பஸ்ஸில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மன் சந்நிதியில் வைத்துப் பூஜை போட்டு, பொட்டு வைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவன் கையில் கொடுங்கள். அப்பா நேரில் கடைக்குப் போய் வாங்கினார் என்று சொல்லுங்கள். வாசித்துப் பார்க்கட்டும், பிறகு வருவதா வேண்டாமா என்று அவனே சொல்லட்டும்.

சுந்தரேசன்


சென்னை,
12.4.2025

சுந்தரேசனுக்கு,

பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பொட்டை நான் அழிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்து அவன்தான் வெளியில் எடுத்தான். ஒரு நிமிஷம் பார்த்தான். 'இது சோத்தாங்கைக்காரங்க கிடாரு' என்றான். திரும்ப உள்ளே வைத்து டேப் ஒட்டினான். அவ்வளவுதான்.

உனக்கு விளங்கியதா? உன் மகன் இடதுகைக்காரன். பெற்று வளர்த்து இருபத்திரண்டு வயது வரை வைத்திருந்தவனுக்கு அது தெரியவில்லை என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. தெரிந்துதானே நாலு வயதில் அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டு வலது கையால் சாப்பிட வைத்தாய்? அவிழ்த்துக்கொண்டு சாப்பிட்டதற்குக் கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தது நீதானே? உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அடுப்பில் பட்டது என்று ஒரு வருஷம் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கும் முதலில் தெரியாது. அவன் கொண்டுவந்தது இரண்டு, நான் வாங்கிக் கொடுத்தது மூன்று, ஐந்தும் வலதுகைக் கிடார். ஏதாவது குறை சொல்லி அடுத்ததைத் தேடுவான். ஆசை அதிகம் என்றுதான் நினைத்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் நான் போன் பேச வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவன் ஒரு கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, இடது கையால் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அதுவரை அவன் வாசித்ததெல்லாம் வாசிப்பே இல்லை என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை.

இடதுகைக்காரர்களுக்கென்றே கம்பியை மாற்றிக் கட்டி, உடம்பையும் திருப்பிச் செய்த கிடார் இருக்கிறது. அதைத்தான் தேடினோம். பெங்களூரில் சொல்லி வைத்திருக்கிறோம். அது ஆறாவது இல்லை, அவனுக்கு அதுதான் முதல்.

சாந்தி விஷயத்தில் என் பதில் மாறவில்லை.

சொக்கநாதன்


திருக்கோகர்ணம்,
25.4.2025

அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. கூரியர்காரன் கடை வாசலில் எல்லாரும் பார்க்க இறக்கிவைத்துவிட்டுப் போனான். எதிர்க்கடைக்காரன், 'என்ன செட்டியாரே, கிடார் வியாபாரமும் ஆரம்பிச்சுட்டியளா?' என்கிறான்.

ஆமாம், கட்டினேன். சூடும் வைத்தேன். நாலு பேர் இருக்கிற பந்தியில் ஒரு பிள்ளை பீச்சாங்கையால் சாப்பிட்டால் பெற்றவனைத்தான் காறித் துப்புவார்கள். கண்டிக்க எனக்கு உரிமை இருந்தது. பெற்றவன் நான். ராத்திரி முழுக்க அவன் கைக்கு விசிறிவிட்டதும் நான்தான், அதை உங்களிடம் சொன்னானா?

வளர்ந்து நிற்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக்காட்டி, கேட்டதை வாங்கிக் கொடுத்து அப்பா என்று கூப்பிட வைப்பது பெரிய சாமர்த்தியமா? மூத்திரத் துணி அலசினீர்களா, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களா? அண்ணி வயிறு ஒரு தடவை திறந்திருந்தால் நீங்கள் என் வாசல் ஏறி வந்திருப்பீர்களா? மலட்டு வீட்டில் இருந்துகொண்டு பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். கிடார் கொடுத்து வாங்கின பிள்ளை, அதைவிடப் பெரிய கிடார் கொடுக்கிறவன் வந்தால் போய்விடும்.

அவனை வரவிடாமல் தடுப்பது நீங்கள்தான். பெற்ற அப்பன் கூப்பிட்டால் வராத பிள்ளை இல்லை அவன்.

சுந்தரேசன்


சென்னை,
6.5.2025

சுந்தரேசனுக்கு,

தபாலைப் பிரித்தது தெய்வானை. படித்துவிட்டு மடித்து, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். 'கொழுந்தனாரு உள்ளதத்தான எழுதிருக்காக' என்று சொல்லி எனக்கு ரசம் ஊற்றினாள்.

நீ அவளைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'போய் நில்லுப்பா, பெத்தவரு' என்றேன். 'நான் நிக்கலப்பா' என்றான். மறுபடியும் கேட்டேன். எழுந்து போய்விட்டான். 'பிள்ளையே வரமாட்டேங்குறான்னு எழுதாதிய, ஒங்க தம்பி தாங்கமாட்டாக. நீங்க தடுத்ததா இருக்கட்டும், அண்ணன் மேல உள்ள கோவம் ஒரு நாள் ஆறிப்போகும்' என்று என்மேல் பழி போட்டுக்கொள்ளச் சொன்னவள் அவள்தான். அந்த வயிற்றைப் பற்றித்தான் நீ எழுதியிருக்கிறாய்.

இப்போது நான் அவனிடம் கேட்கவில்லை, உத்தரவாகவே சொல்லிவிட்டேன். அங்கே போனால் நீ சுந்தரேசன் மகன், கலசம் ஊற்று, பிள்ளைக்குரிய மாலையைப் போட்டுக்கொள், அவர் என்ன சொன்னாலும் செய் என்றேன். 'நீங்க சொன்னா சரிப்பா' என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

பெங்களூர்க் கிடார் நேற்று வந்தது. அவன் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. ஊருக்குப் போய்வந்து திறக்கிறானாம்.

கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ கேட்டது கிடைக்கும். இனிமேல் குறை சொல்ல உனக்கு ஆள் இருக்காது.

சொக்கநாதன்


திருக்கோகர்ணம்,
12.6.2025

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவனும் நீங்கள் சொன்னபடியே நடந்தான். குறை சொல்ல முடியாது.

கலசம் ஊற்றும்போது தண்ணீர் சில்லென்று இருந்தது. என் காதுக்குள் போகாமல் ஒரு கையை அணை கொடுத்து ஊற்றினான். அபிராமி தலையில் ஊற்றும்போது, 'மெதுவாத்தான் ஊத்துறேன், கண்ண மூடிக்கங்க' என்றான். எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

பிறகுதான் குருக்கள், 'அப்பா அம்மாவக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கப்பா' என்றார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து கை கூப்பிக்கொண்டு, 'சித்தப்பா, சின்னாத்தா, ஆசீர்வாதம் பண்ணுங்க' என்றான்.

குருக்கள் அவன் தெரியாமல் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, 'இன்னைக்கு அப்பான்னே சொல்லலாம்ப்பா, தப்பில்ல' என்றார். 'இல்ல சாமி, எங்க சித்தப்பா இவுக. எங்கப்பா அந்தா உக்காந்திருக்காக' என்று உங்களைக் காட்டினான். கோபமாகச் சொல்லியிருந்தால் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்திருப்பேன். பஸ்ஸில் யாரோ வழி கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னான். லேப்டாப்பில் உடையப்பன், 'சத்தம் வரலையே, என்ன சொன்னான்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். எனக்காக அழுகிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. பிள்ளை பிறந்துவிட்டது என்று வந்து சொன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவன் அப்படித்தான் அழுவான். நானும் இரண்டு முறை நின்றவன், எனக்குத் தெரியும். வேறு எதை மன்னித்தாலும் அந்த அழுகையை நான் மன்னிக்கமாட்டேன்.

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நேற்று அபிராமி பெட்டி கட்டினாள். எங்கே என்று கேட்டேன். 'கையெழுத்துப் போடுன்னிய, போட்டேன். கொடுக்கட்டுமான்னு ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியளா?' என்றாள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. 'சின்னாத்தான்னு கூப்பிட்டாலும் கூப்பிட்டுட்டுப் போறான். அந்த வீட்ல ஒரு ஓரத்துல கெடந்து, அவன் வாசிக்கிறதக் கேட்டுக்கிறேன்' என்றாள். அறுபது வயதில் ஊரைக் கூட்டி இரண்டாம் முறை தாலி கட்டினேன். கட்டிய நாலாம் நாள் போகிறாள்.

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்து தருபவள் அவள்தான். காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள், நான் எழுதியதற்கு அபிராமி பொறுப்பில்லை. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை பையின் பக்கவாட்டில் வைத்திருக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுந்தரேசன்